முப்பத்திரண்டு ஜிபிக்குள் ஒரு குவார்ட்டர்ஸ்

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "எதை வைக்கணும், எதைத் தூக்கி எறியணும்னு முடிவு பண்ற வேலை" என்பேன். கொஞ்சம் திமிராகத்தான் சொல்வேன். எங்கள் ரேக்குகளில் போல்ட், வாஷர், பழைய அச்சு, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சாம்பிள் என்று கண்டதும் சேர்ந்துகொண்டே இருக்கும். மாதம் ஒரு முறை சிவப்பு அட்டைக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ரேக் ரேக்காகப் போவேன். ஆறு மாதமாக யாரும் தொடாத பொருள் கண்ணில் பட்டால் அதன் கழுத்தில் ஒரு அட்டை ஏறும். அட்டை ஏறிய பொருள் வாசல் பக்கம் மஞ்சள் கோடு போட்ட கட்டத்துக்குள் ஒரு வாரம் கிடக்கும். அந்த ஒரு வாரத்துக்குள் எந்த டிபார்ட்மெண்டாவது வந்து, இது எங்களுடையது, வேண்டும் என்று கையெழுத்துப் போட்டால் திரும்பவும் ரேக்குக்குப் போய்விடும். யாரும் வரவில்லை என்றால் ஸ்கிராப் வண்டி. இந்த ஒரு வாரத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும். வீட்டில் நான் செய்த காரியத்தில் அந்த ஒரு வாரம் கிடையாது.

என்னிடம் கையில் பிடித்து விளையாடும் கேம் கன்சோல் ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் எனக்கு நானே வாங்கிக்கொண்டது. கல்யாண வயதில் இருக்கிற பெண்ணுக்கு இது எதற்கு என்று சொந்தக்காரர்கள் இழுத்தபோது, "அவ சம்பாதிக்கிறா, அவ விளையாடுறா, ஒங்களுக்கு என்ன?" என்று அம்மாதான் அவர்கள் வாயை அடைத்தாள். அட்டைப்பெட்டியில் முப்பத்திரண்டு ஜிபி என்று போட்டிருந்தார்கள். அதில் கால்வாசியை மெஷின் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். மீதி இடத்தில் ஒரு பெரிய கேமும் நாலைந்து சின்ன கேமும் ஏற்றினால் அதற்கு மூச்சு முட்டிவிடும்.

பெரிய மெமரி கார்டு போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போட்டேன். இருநூற்றைம்பத்தாறு என்று மேலே எழுதியிருந்த கார்டு, கொஞ்சம் ஏற்றியதுமே உள்ளே இருந்ததையும் சேர்த்துத் தின்றுவிட்டு உட்கார்ந்துவிட்டது. டூப்ளிகேட். கழற்றி எறிந்தேன். அதிலிருந்து கார்டு என்றாலே எனக்கு ஒரு வீம்பு. உள்ளே இருக்கிற இடத்துக்குள்ளேயே அடக்கிக் காட்டுகிறேன் பார் என்று இறங்கினேன். அதில் ஒரு ருசியும் வந்துவிட்டது. முடித்த கேமை உடனே அழிப்பேன். எதை எப்போது கடைசியாகத் தொட்டேன் என்று மெஷினே வரிசைப்படுத்திக் காட்டும், அதைக் கீழிருந்து மேலாகப் பார்த்து அழிப்பேன். எங்கள் ஸ்டோர்ஸிலேயே இவ்வளவு சுத்தமான ரேக் கிடையாது.

ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். கேமை அழித்தால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. அதற்குள் நாம் விளையாடிச் சேர்த்தது எல்லாம் சேவ் என்ற பெயரில் தனியாக மெஷினுக்குள் கிடக்கும். என்றைக்காவது அந்த கேமைத் திரும்ப இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த சேவ்-ஐயும் அழித்தால்தான் நிஜமாகவே போய்விடும். வெளியே எங்காவது ஒரு நகல் வைத்துக்கொள்ள சந்தா கட்ட வேண்டும், நான் கட்டவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன். பின்னால் தெரியாமல் செய்தேன் என்று நானே பேச்சை மாற்றக் கூடாது.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து குவார்ட்டர்ஸில் குடிவைத்தார். ஒரு லைனில் எட்டு வீடுகள், எங்களுடையது ஆறாவது. நான் பிறந்ததும் வளர்ந்ததும் அதே வீட்டில்தான். அப்பா ரிட்டயர் ஆகப் போகிற வருடம், வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதால் பருத்திப்பட்டில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தோம். அம்மா அதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திரங்களைத் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்குவாள், மறுநாள் சமைக்க வேண்டும் என்று திரும்ப எடுப்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் கட்டம் கட்டமாக அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டும் கேம் ஒன்றை விளையாடிக்கொண்டிருந்தேன்.

"என்னடி பண்ற?"

"வீடு கட்டுறேன்மா."

"செங்கல் வச்சா?"

"எது வேணா வச்சுக் கட்டலாம். மரம், கல்லு, கண்ணாடி."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதுல நம்ம வீட்டக் கட்டலாமா?" என்றாள்.

கட்டலாம் என்றேன். அடுத்த வாரம் மறந்துவிடுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் எழுந்து போய் பிளவுஸ் தைக்கிற இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். நடு ஹாலில் குந்தி, சுவர் ஓரமாக டேப்பை ஓட்டி, என்னை எழுதிக்கொள்ளச் சொன்னாள். ஒரு அடிக்கு ஒரு கட்டம். ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. படுக்கை அறை பத்துக்குப் பத்து. சமையலறை ஆறுக்கு ஏழு.

அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், ஆனால் அர்த்தம் பிடிபடாது. ஸ்கிரீனில் என்ன எழுத்து வந்தாலும் பயப்படாமல் வலது பக்கத்து A பட்டனை அமுக்கு, அது சரின்னு சொல்ற பட்டன் என்று சொல்லிக்கொடுத்தேன். எனக்கு ஒவ்வொன்றையும் விளக்கப் பொறுமை இல்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது. மதியம் சமையலை முடித்துவிட்டு மூன்று மணிக்கு உட்கார்ந்தால், நான் வேலையிலிருந்து வரும் வரைக்கும் கட்டிக்கொண்டிருப்பாள். இரண்டு மாதம் இது நடந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா டீ வேண்டும் என்று குரல் கொடுத்தால், "இருங்க, கூரை போட்டுக்கிட்டு இருக்கேன்" என்பாள்.

வெறும் வீட்டை மட்டும் கட்டினாள் என்று நினைத்தேன். ஒரு நாள் வாங்கிப் பார்த்தால் எட்டு வீடும் இருந்தன. யார் வாசலில் செம்பருத்தி, யார் வாசலில் துளசி, யார் வீட்டு ஜன்னலுக்குப் பச்சைப் பெயிண்ட் என்று எதையும் விடவில்லை. பின்பக்கத்தில் துணி துவைக்கிற கல், முருங்கை மரம். எங்களுக்கும் ஏழாம் வீட்டுக்கும் நடுவில் இருந்த காம்பவுண்டுச் சுவரில் ஒரு கட்டத்தை வைக்காமல் விட்டிருந்தாள். நிஜச் சுவரிலும் அந்த இடத்தில் ஒரு செங்கல் கிடையாது. ஏழாம் வீட்டு ஆன்ட்டியும் அம்மாவும் இருபது வருடமாக அந்தச் சந்து வழியாகத்தான் குழம்புக் கிண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள். எல்லாம் டேப் வைத்து அளந்த அளவுதான். ஒரே ஒரு இடம் மட்டும் இடித்தது. சமையலறை எட்டுக்கு ஒன்பதாக இருந்தது.

"இங்க தப்பா இருக்கும்மா. ரெண்டு கட்டம் ஜாஸ்தி."

"தெரியும். இருக்கட்டும்டி. இதுலயாவது ரெண்டு பேரு நின்னு சமைக்கட்டும்."

நான் சிரித்தேன். அன்றைக்கு அவள் மேல் எனக்கு ரொம்பப் பிரியமாக இருந்தது. அதை ஏன் சொல்கிறேன் என்றால், பிரியம் இல்லாமல் நான் அந்தக் காரியத்தைச் செய்யவில்லை. அதுதான் எனக்கே புரியாத பகுதி.

காலி செய்தோம். பருத்திப்பட்டுக்கு வந்த பிறகு அம்மாவுக்குக் கன்சோலைத் தொட நேரம் இல்லாமல் போனது. பெட்டி பிரித்து முடிப்பதற்குள் அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன், அது ஆறுவதற்குள் இன்னொரு கண்ணில். சொட்டு மருந்து, சோதனை, ஆஸ்பத்திரி என்று நாலைந்து மாதம் ஓடிவிட்டது. அதற்கு நடுவில் எங்கள் லைன் ரொம்பப் பழசாகிவிட்டது என்று எட்டு வீட்டையும் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள் என்று அப்பாவின் நண்பர் போனில் சொன்னார். அம்மா, "எட்டையுமா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எங்களிடம் அந்த வீட்டின் போட்டோ என்று பார்த்தால், பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் எடுத்ததுதான். எல்லாவற்றிலும் ஆட்கள்தான் தெரிவார்கள், வீடு அவர்கள் முதுகுக்குப் பின்னால் கொஞ்சமாகத் தெரியும்.

அது ஒரு சனிக்கிழமை காலை. ரொம்ப நாளாகக் காத்திருந்த பெரிய கேம் ஒன்று அன்றைக்கு வெளியாகியிருந்தது. இறக்கப் போனால், இடம் போதாது என்று ஸ்கிரீனில் வந்து நின்றது. எனக்கு இது வாராவாரம் நடக்கிற கூத்து. பட்டியலைத் திறந்தேன். கடைசியாகத் தொட்ட நாள் வாரியாக வரிசை போட்டேன். அடியில் அம்மாவின் கேம். யாரும் தொட்டு ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆறு என்று மனதுக்குள்ளேயே ரவுண்டு கட்டிக்கொண்டேன்.

முதலில் கேமை மட்டும் அழித்தேன். அதுவரை தப்பில்லை. சேவ் உள்ளே பத்திரமாக இருந்தது. ஆனாலும் புது கேமுக்கு இன்னும் கொஞ்சம் இடம் போதவில்லை. ஒரு ஜிபி சொச்சம். சேவ் பட்டியலைத் திறந்தேன். அம்மா இரண்டு மாதம் கட்டியது அந்தச் சொச்சத்துக்குச் சரியாக இருந்தது. எதிரே சமையலறையில் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும்.

ஏன் கொடுக்கவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சோம்பேறித்தனம் என்று சொல்லிப் பார்த்தேன், அது பொய். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் நான் வேறு எதையாவது அழிக்க வேண்டும். அதனால்தான் கேட்கவில்லை. முடித்துவிட்டாள், இனி எங்கே திறக்கப் போகிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இதை அழித்தால் திரும்பக் கிடைக்காது என்று மெஷின் சொன்னது. நிச்சயமாகவா என்று கேட்டது. இன்னொரு முறையும் கேட்டது. மூன்று தடவையும் A பட்டனை அமுக்கினேன். புது கேம் இறங்க ஆரம்பித்தது.

அன்றைக்கு மத்தியானம் பீன்ஸ் பொரியலை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். மனசில் ஒரு உறுத்தலும் இல்லை. இதையும் மறைக்கக் கூடாது.

திங்கட்கிழமை ஸ்டோர்ஸில் பெருமையாகவே சொன்னேன். எங்கள் லோடிங் ஆள் ஒருவர், என் வயதுதான் இருக்கும், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. ஒரு கேமுக்காக அம்மாவின் கேம், அம்மா கட்டிய வீடு என்று அழித்ததை வரிசையாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு டிராலியை நிறுத்தினார்.

"இன்னா மேடம், ஊட்லயும் சேப்பு அட்டையா?"

"பின்ன? ரூல்னா ரூல்தான்."

"அப்ப கட்டத்துல ஒரு வாரம் வெச்சீங்களா? அம்மாவாண்ட கையெழுத்து வாங்கினீங்களா?"

கிண்டலுக்குத்தான் கேட்டார். கேட்டுவிட்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது. மதியம் சாப்பாட்டு இடைவேளையில் கன்சோலை எடுத்துப் பார்த்தேன். ஆல்பம் என்று ஒரு இடம் இருக்கிறது, அதுவரைக்கும் அதை நான் திறந்து பார்த்ததே இல்லை. ரேஸ் கேமில் நான் முதல் இடத்தில் வந்தபோதெல்லாம் பதிவு செய்த வீடியோக்கள் அதில் குவிந்து கிடந்தன. ஒன்றைக்கூட நான் திரும்பப் போட்டுப் பார்த்தது கிடையாது. அவற்றை அழித்திருந்தால் ஒரு ஜிபிக்கு மேலேயே கிடைத்திருக்கும். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மாவிடம் அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளாகக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். கேட்காமலே போய்விட்டால் நல்லது என்றும் வேண்டிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஏழாம் வீட்டு ஆன்ட்டி எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். அவர் பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு பாரிவாக்கத்தில் மகன் வீட்டோடு இருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் உள்ளே வந்துவிட்டது.

"இன்னாக்கா, என் ஊட்டயும் கட்டி வெச்சுகீறியாமே? எங்க, காட்டு. அத்தப் பாக்கத்தான் பஸ் ஏறி வந்துகிறேன்."

அம்மா போனில் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் ஹாலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கன்சோலை எடுத்து, சேலைத் தலைப்பால் ஸ்கிரீனைத் துடைத்து, ஆன்ட்டியின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். "அந்தச் செவுத்து ஓட்டையும் இதுல கீதா?" என்று ஆன்ட்டி கேட்டார். "அது இல்லாமயா?" என்றாள் அம்மா. பட்டனை அமுக்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்ப முதலிலிருந்து வந்தாள். அவளுக்கு அந்த கேமின் பெயர் தெரியாது, பச்சைப் புல் போட்ட அந்தப் படத்தைத்தான் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"ஏண்டி, இதக் காணமே. இங்கிட்டுதான இருந்துச்சு?"

வாங்கிப் பார்ப்பது போல நானும் தள்ளிப் பார்த்தேன். "என்னன்னு தெரியலம்மா. அப்டேட் ஏதோ வந்துச்சு. அதுல போயிருக்கும்" என்றேன். குரல் எனக்கே நன்றாக வந்தது.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தாள். "இல்ல, நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல" என்றாள். "போன வாரம் தூசி தட்டுறப்ப லைட்டு எரிஞ்சுச்சு. ஏதோ எழுத்து வந்துச்சு. நீதான் சொல்லியிருக்கீல்ல, எது வந்தாலும் A அமுக்குன்னு. அமுக்கினேன். அதுலதான் போயிருக்கும்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஆன்ட்டி அம்மாவின் முழங்காலைத் தட்டி, "வுடுக்கா. மெஷினு தானே. ஊடே இல்லாத போச்சு, இதுக்குப் போயி" என்றார். அம்மா தலையை ஆட்டிவிட்டு டீ போட எழுந்தாள். ஆன்ட்டி கிளம்பும் வரைக்கும் மூன்று தடவை அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். பஸ் ஏறி வந்தீங்களே, இப்படிப் பண்ணிட்டேனே என்றாள். நான் செய்ததற்கு அவள் இன்னொருவரிடம் மன்னிப்புக் கேட்கிறாள், நான் மிக்சர் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அதற்குப் பிறகு வீட்டில் இது ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, அவர் தன் பங்குக்கு ஓட்டினார். டிவி ரிமோட்டை அம்மா எடுத்தால், "ஏய், பாத்து, சேனலையே அழிச்சிரப் போற" என்பார். மிக்ஸி நின்றால், "உங்கம்மா தொட்டாளா?" என்று என்னிடம் கேட்பார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். நானும் சிரித்தேன். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும் சிரித்தேன்.

அம்மா கொஞ்சம் கொஞ்சமாக எதையும் தொடாமல் ஆனதை நான் கவனிக்கவே நாளாயிற்று. முதலில் கன்சோலைத் துடைப்பதை விட்டாள். பிறகு வாஷிங் மெஷினில் துணியைப் போட்டு மூடிவிட்டு, "நீ வந்து அமுக்கிவிடு" என்று நான் வரும் வரைக்கும் வைத்திருந்தாள். அக்கா தங்கைகளோடு தானே வீடியோ கால் போட்டுப் பேசிக்கொண்டிருந்தவள், போனை என்னிடம் நீட்ட ஆரம்பித்தாள். லிஃப்டில் யாராவது இருந்தால் ஏறுவாள், இல்லாவிட்டால் மூன்று மாடியும் படியேறிப் போவாள். வயதாகிறது, அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

போன மே மாதம் அப்பா அடிக்கடி சாவியைத் தொலைக்கிறார் என்று வாசல் கதவுக்கு நம்பர் பூட்டு ஒன்று மாட்டினோம். சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், நாலு எண்ணை அமுக்கினால் திறக்கும். அம்மாவுக்கு எண் மனப்பாடம், அவள் கல்யாண வருடத்தைத்தான் வைத்திருந்தோம். தப்பாக அமுக்கினால் என்ன ஆகும் என்று பூட்டு மாட்ட வந்தவரிடம் கேட்டாள். மூணு தபா தப்பாப் போட்டா கொஞ்ச நேரம் லாக் ஆயிடும்மா என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த வாரம் அப்பா ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தார். நான் வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து படியேறினால், எங்கள் வாசலில், மேல் படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கீரைக்கட்டும் தக்காளியும் வைத்த பை. கீரை துவண்டு போயிருந்தது. ஜாக்கெட் முதுகெல்லாம் நனைந்திருந்தது. மூன்று மணிக்குக் காய் வாங்கப் போய், மூன்றரைக்குத் திரும்பி வந்தவள், அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"நம்பர் மறந்துருச்சாம்மா?"

"மறக்கல."

"பெறகு?"

"தப்பா கிப்பா அமுக்கி, பூட்டே கெட்டுப் போச்சுன்னா? அப்பா வேற ஊர்ல இல்ல. நீதான் வந்துருவீல்ல, இருப்போம்னு இருந்தேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"வேலையில இருப்ப. ஒன்ன எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு."

நான் நாலு எண்ணை அமுக்கிக் கதவைத் திறந்தேன். அவள் முதலில் போய் மண்பானையிலிருந்து இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தாள். பையைப் பிரித்துக் கீரையில் தண்ணீர் தெளித்தாள். நான் ஹாலில் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். இரண்டரை மணி நேரம், மே மாதப் புழுக்கத்தில், தன் வீட்டு வாசலில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளை அங்கே உட்கார வைத்தது நான்.

"அம்மா, அத அழிச்சது நான்."

"எத?"

"கேம்ல நீ கட்டின வீட்ட. நீ ஒண்ணும் அமுக்கல. நான்தான் அழிச்சேன்."

சிரித்தாள். "போடி. நான் வெளிய உக்காந்திருந்தேன்னு ஒனக்கு மனசு தாங்கல. அதுக்காக இப்படியெல்லாம் சொல்லாத."

நான் விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை காலை என்று சொன்னேன். புது கேமுக்கு இடம் போதவில்லை என்றும், மெஷின் மூன்று தடவை கேட்டது என்றும், மூன்று தடவையும் படித்துப் பார்த்துத்தான் அமுக்கினேன் என்றும் சொன்னேன். ஒன்றுக்கும் உதவாத என் வீடியோக்களை வைத்துக்கொண்டு அதை அழித்ததைச் சொன்னேன். ஆன்ட்டி வந்தபோது பொய் சொன்னதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கையில் இருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நம்பிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அன்னிக்கு நான் வீட்லதான இருந்தேன்?" என்று கேட்டாள்.

"ஆமா. அடுப்படியில."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

வெளியே யாரோ லிஃப்டுக்காக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள், காய்ந்த கையைத் திரும்பத் துடைத்தாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அழுதாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

"இல்ல" என்றாள் அம்மா. "நீ அழிச்சிருக்க மாட்ட. நான்தான் எதையோ அமுக்கிட்டேன்."

"அம்மா, நான்தான்னு சொல்றேன்ல?"

"நான் அழிச்சேன்னா, கை தவறிப் போச்சுன்னு போயிரும். நீ அழிச்சேன்னா தெரிஞ்சே அழிச்சதா ஆயிரும்லடி. அத மனசுல வச்சுக்கிட்டு நான் ஒன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? வேணாம். நான்தான் அழிச்சேன். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சரின்னு சொல்லு."

நான் தோளிலிருந்த பையை இறக்கி வைத்தேன்.

"சொல்லுடி."

"சரி" என்றேன்.